பொம்மையைத் திருப்பிப் பாருங்கள்

புரட்டாசி அமாவாசை கழிந்ததும் நம்மவர் இல்லங்களில் கொலுப்படி எழும்புகிறது. பரண்மீதிருந்து பழைய தகரப் பெட்டிகள் இறங்குகின்றன. மரப்பாச்சிகளும், செட்டியார் தம்பதியும், பண்ணுருட்டிப் பொம்மைகளும் தூசி தட்டப்பெற்றுத் தத்தம் இடங்களில் அமர்கின்றன. அவற்றின் நடுவே, வெண்மையும் வழவழப்பும் வாய்ந்த பீங்கான் பொம்மை ஒன்று தலைமுறை தலைமுறையாகக் கொலுவிருப்பதைப் பாலக்காட்டுத் தமிழ் இல்லங்கள் பலவற்றில் கண்டிருக்கிறோம். கொலு வைக்கும் வழக்கமில்லாத இடுக்கி மலைத் தோட்டத்து லயங்களிலுங்கூட, சாமி படத்துக்கு அருகே ஒரு பீங்கான் நாயோ, குடை பிடித்த சீமாட்டியோ நிற்பதுண்டு.

இப்பொம்மைகள் பிறந்த ஊர் எது, அவற்றின் வயதென்ன, மதிப்பு யாது என்று நம்மில் எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? நாமும் எண்ணிப் பார்த்ததில்லை. ஒன்றை இழந்த பின்னரே எண்ணத் தலைப்பட்டோம். அந்த இழப்பைச் சொல்லியே இக்கட்டுரையைத் தொடங்குகிறோம்.

பழையதற்குப் புதியது

சில ஆண்டுகளுக்கு முன், நவராத்திரிக்குப் பத்து நாள் இருக்கையில், சித்தூர் வட்டத்தில் எல்லையோரம் உள்ள நம் இல்லத்துக்கு ஒரு வியாபாரி வந்தார். கூடை நிறையப் புதிய பொம்மைகள். கண்ணைப் பறிக்கும் வண்ணங்கள். “பழைய பொம்மை ஏதேனும் இருந்தால் கொடுங்கள், அம்மா. அதற்கு இரண்டு மடங்கு உயரத்தில் புதுப் பொம்மை தருகிறேன்” என்றார்.

நம் பாட்டியார் சீர்வரிசையோடு கொண்டுவந்த யசோதை பொம்மை ஒன்று இருந்தது. உயரம் ஒரு சாண். மடியில் கண்ணன். சேலைக் கரையில் பூசியிருந்த பொன்னிறம் பாதி தேய்ந்துவிட்டது. நம் இல்லத்தரசி நெடுநேரம் பேரம் பேசி, அந்த ஒரு பொம்மைக்கு இரண்டு புதிய பொம்மைகளைப் பெற்றுக்கொண்டார். ஆதாயமான வாணிபம் என்று வீட்டில் அனைவருமே மகிழ்ந்தோம். புதிய பொம்மைகள் இரண்டு மழைக்காலங்களைத் தாங்கவில்லை. சுவரின் ஈரம் ஏறி, வண்ணம் கொப்புளித்து, உள்ளிருந்த சுண்ணம் உதிரத் தொடங்கியது.

அதன் பின்னர் ஒரு திருமணத்துக்காகக் காரைக்குடி சென்றிருந்தோம். முனீஸ்வரன் கோயில் தெருவில் வரிசையாக அமைந்துள்ள பழம்பொருட் கடைகளை வேடிக்கை பார்த்துக்கொண்டு நடந்தபோது, ஒரு கண்ணாடிப் பேழைக்குள் அதே யசோதை வீற்றிருக்கக் கண்டோம். அதே சாய்ந்த தலை, அதே மடி, அதே கண்ணன். கடைக்காரர் அதனை எடுத்து மெல்லத் தலைகீழாகத் திருப்பிக் காட்டினார். அடிப்பாகத்தில் ஓர் எண்ணும், ‘ஜெர்மனி’ என்ற சொல்லும் பதிந்திருந்தன. அவர் கூறிய விலையோ, நம் வீட்டுக் கொலு முழுவதையும் விற்றாலும் தேறாத தொகை!

விலை போனதைவிடப் பாட்டியாரின் நினைவுப்பொருள் போயிற்றே என்ற வருத்தமே பெரிதாயிருந்தது. ஆயினும் வந்த வியாபாரியை மட்டும் குறை கூறிப் பயனென்ன? மூன்று தலைமுறையாக நம் வீட்டிலிருந்த பொம்மையை நாம் ஒருமுறையேனும் திருப்பிப் பார்த்ததில்லை. அவர் முதல் நாளிலேயே திருப்பிப் பார்த்தார். அவருக்கும் நமக்கும் இருந்த வேற்றுமை அவ்வளவே.

மண் எது, சுண்ணம் எது?

முதலில், கையிலிருப்பது பீங்கான்தானா என்று அறிதல் வேண்டும். சாதாரண மண்பாண்டம் ஏறத்தாழ 1,000 பாகை வெப்பத்தில் சுடப்படுவது. உண்மையான பீங்கான், வெண்களிமண்ணோடு கல்வகைத் தூள்கள் சேர்த்து 1,300 பாகைக்கும் மேற்பட்ட வெப்பத்தில் சுடப்படுகிறது. அவ்வெப்பத்தில் மண் ஓரளவு கண்ணாடியின் இயல்பை அடைகிறது. சீனத்தார் கண்ட இவ்வித்தையை ஐரோப்பியர் பல நூற்றாண்டுகளாகத் தேடி அலைந்தனர். ஜெர்மனியில் சாக்சனி மன்னரின் ஆதரவில் 1710ஆம் ஆண்டில் மைசன் நகரில் தொழிற்சாலை எழுந்த பிறகே, ஐரோப்பாவில் உண்மையான பீங்கான் பெருகிற்று. ஆங்கிலேயர் பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் மாட்டெலும்புச் சாம்பலைக் கலந்து ‘போன் சைனா’ என்ற வகையைச் செம்மைப்படுத்தினர்.

வீட்டிலேயே செய்து பார்க்கத்தக்க சோதனைகள் சில உண்டு. பொம்மையின் மெல்லிய பகுதியை, கை விரலையோ ஆடையின் ஓரத்தையோ, கைவிளக்கின் ஒளிக்கு நேரே பிடியுங்கள். பீங்கானாயின் ஒளி மங்கலாக ஊடுருவும், மண்ணாயின் ஊடுருவாது. நகத்தால் அடிப்பாகத்தை இலேசாகக் கீறுங்கள். வெண்பொடி உதிர்ந்தால் அது பாரிஸ் சாந்து எனப்படும் சுண்ணப் பொம்மை. கையிலெடுத்தவுடன் குளிர்ச்சி தட்டுவது பீங்கான். குளிர்ச்சியின்றி இலேசாயிருப்பது பெரும்பாலும் இக்காலத்துப் பிசின் வார்ப்பு. இப்பிசின் பொம்மைகளே இன்று பழமைச் சாயம் பூசிக்கொண்டு சந்தையில் மிகுதியாக உலவுகின்றன.

அடிப்பாகத்தில் சிறு துளை இருந்தால் அதனைக் குறையென்று எண்ணிவிடாதீர்கள். உள்ளே வெற்றிடமாக வார்த்த பீங்கான் பொம்மை, சூளையில் வெடிக்காதிருக்கும் பொருட்டுக் காற்று வெளியேற விட்ட வழி அது. பக்கவாட்டில் தடவினால் அச்சின் இரு பாதிகள் கூடிய கோடும் விரலுக்குத் தட்டுப்படலாம். மேற்பூச்சில் சிலந்தி வலைபோன்ற நுண்கீறல்கள் காணப்படுவதுண்டு. இவை பழமைக்குச் சான்றென்று சிலர் கூறுவர். அதனை முற்றும் நம்புதல் வேண்டா. தேயிலை நீரில் ஊறவைத்து அக்கீறல்களுக்குப் பழுப்பேற்றும் தந்திரம் நெடுங்காலமாக உள்ளது.

அடிப்பாகம் சொல்லும் கதை

மண்ணை அறிந்தபின் முத்திரையைப் படிக்க வேண்டும். இதற்கு ஓர் உருப்பெருக்கிக் கண்ணாடியும் சிறிது பொறுமையுமே போதும்.

1887ஆம் ஆண்டில் பிரிட்டன் வணிகக் குறிகள் பற்றிய சட்டம் ஒன்றை இயற்றியது. அமெரிக்காவிலோ, 1891 முதல் இறக்குமதிப் பொருள்களில் பிறந்த நாட்டின் பெயர் இருத்தல் வேண்டும் என்ற விதி வந்தது. ஆகவே, நாட்டின் பெயரைத் தாங்கிய பொம்மை பெரும்பாலும் இக்காலத்துக்குப் பிற்பட்டதே. ‘நிப்பான்’ என்றிருந்தால் ஏறத்தாழ 1891க்கும் 1921க்கும் இடைப்பட்ட ஜப்பானியப் பொருள் எனலாம். அதன்பின் ‘ஜப்பான்’ என்ற பெயரே வழக்கிற்கு வந்தது. ‘ஆக்குப்பைடு ஜப்பான்’ என்றிருந்தால், இரண்டாம் உலகப்போரில் தோற்ற ஜப்பான் நேசநாடுகளின் பிடியிலிருந்த 1945 முதல் 1952 வரையிலான காலத்தது. ‘வெஸ்ட் ஜெர்மனி’ என்பது 1949க்கும் 1990க்கும் இடைப்பட்டது. ‘ஆர்.டி. நம்பர்’ என்று தொடங்கும் எண், 1884 முதல் இங்கிலாந்தில் வடிவங்களைப் பதிவு செய்தமைக்கு அடையாளம். ராயல் டால்டன் நிறுவனத்தின் சீமாட்டிப் பொம்மைகளில் ‘எச்.என்.’ என்ற எழுத்துகளும் ஓர் எண்ணும் இருக்கும். அவ்வரிசை 1913இல் தொடங்கியது.

முத்திரை இருந்தால் மட்டும் போதாது என்பதையும் சொல்ல வேண்டும். மைசன் தொழிற்சாலையின் நீலநிறக் குறுக்குவாள் முத்திரையை இருநூறு ஆண்டுகளுக்கும் மேலாகப் பலர் போலியாகப் பொறித்து வந்திருக்கின்றனர். சீனப் பாண்டங்களிலும் பழைய மன்னர்களின் ஆட்சிப்பெயரைப் பிற்காலத்தார் எழுதுவது சர்வ சாதாரணம். ஆதலின் முத்திரையும், மண்ணும், வேலைப்பாடும் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று பார்ப்பதே அறிவுடைமை.

நம் யசோதையின் கதையும் இங்கேதான் விளங்குகிறது. கிளிமானூரில் பிறந்த ராஜா ரவிவர்மா, 1894இல் பம்பாயில் தம் அச்சகத்தைத் தொடங்கினார். ஜெர்மானியத் தொழில்நுட்பத்தால் அச்சான அவர்தம் தெய்வப் படங்கள் நாடெங்கும் பரவின. அப்படங்களைப் பார்த்து, ஜெர்மனியில் இந்தியச் சந்தைக்கென்றே சரசுவதி, இலக்குமி, யசோதை முதலிய பீங்கான் உருவங்களை வார்த்து அனுப்பினர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கப்பலேறி வந்த அவை செட்டிநாட்டு மாளிகைகளில் இடம்பெற்றன. நம் போன்றோர் கொலுப்படியிலும் ஒன்றிரண்டு ஏறின. மலையாள மண்ணில் பிறந்த ஓவியரின் கற்பனை, ஜெர்மனியின் சூளையில் வெந்து, தமிழ் மங்கையின் சீர்வரிசையில் மீண்டும் மலையாள மண்ணுக்கே வந்து சேர்ந்தது. அதைத்தான் நாம் இரண்டு சுண்ணப் பொம்மைகளுக்குக் கொடுத்தோம்!

மலையில் கண்ட ஆட்டிடையன்

இழப்பு கற்பித்த பாடத்தால், பிறர் வீட்டுப் பொம்மைகளைப் பார்க்கும் வழக்கம் நமக்கு ஏற்பட்டது. அவ்வாறு ஒருமுறை மூணாற்றுக்கு மேலேயுள்ள தோட்டம் ஒன்றுக்குச் சென்றோம். திருநெல்வேலிச் சீமையிலிருந்து கங்காணியின் பின்னே மலையேறி வந்தவர்களின் வழித்தோன்றல்கள் வாழும் லயம் அது. குடும்பத் தலைவர் ஓய்வு பெறவிருந்தார். ஓய்வு பெற்றால் லய வீட்டை விட வேண்டும் என்பது தோட்டக் குடும்பங்கள் அனைத்தும் அறிந்த துயரம். அவ்வீட்டில் புல்லாங்குழல் ஊதும் ஆட்டிடையன் பொம்மை ஒன்றிருந்தது. கொல்லம் ஆண்டு 1099இல், அதாவது 1924 ஜூலையில், மூணாற்றைச் சூறையாடிய பெருவெள்ளத்தில் தப்பிய பொம்மை அது என்பது குடும்பத்தார் கூற்று. வெள்ளைக்காரத் துரையின் பங்களாவிலிருந்து வந்ததாதலின் இலட்சக்கணக்கில் விலை போகும் என்று யாரோ சொல்லியிருந்தனர். ஊரில் சிறு மனை வாங்க அத்தொகை உதவும் என்று மகன் கணக்கிட்டு வைத்திருந்தார்.

பொம்மையைத் திருப்பினோம். சிவப்பு மையில் ‘மேட் இன் ஆக்குப்பைடு ஜப்பான்’ என்றிருந்தது. வெள்ளத்துக்கு இருபது ஆண்டுகளுக்குப் பின்னர் பிறந்த பொம்மை! அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் வார்க்கப்பட்ட மலிவுப் பண்டம். சந்தையில் சிறிய தொகையே பெறும். இதனை எப்படிச் சொல்வது என்று தயங்கி நின்றோம். சொல்லாமலிருப்பது நம் யசோதையைக் கொண்டுபோனவர் செய்ததற்கு ஒப்பாகும் என்று தோன்றவே, உள்ளதைச் சொன்னோம். மகனின் முகம் வாடிவிட்டது. மூலையில் அமர்ந்திருந்த மூதாட்டியார் மட்டும் சிரித்தார்.

“வெள்ளத்தைக் கண்டது என் மாமியார், தம்பி. இந்தப் பொம்மையை அவர் கையால் வாங்கினேன். அவர் வெள்ளக் கதை சொல்லும்போதெல்லாம் இது பக்கத்திலேயே இருந்தது. கேட்டுக் கேட்டு, இதுவும் வெள்ளத்தைப் பார்த்ததாக நாங்கள் நினைத்துவிட்டோம்” என்றார்.

இரண்டு பொம்மைகளும் நமக்குக் கற்பித்த பாடம் ஒன்றே. அறியாமையால் விலையுயர்ந்ததை இழக்கலாம். அதே அறியாமையால் இல்லாத விலையை நம்பி வாழ்க்கைக் கணக்கையும் போட்டுவிடலாம். அன்று அடியைத் திருப்பிப் பார்த்ததனால், அக்குடும்பம் மனைக்குரிய பணத்துக்கு வேறு வழியைக் காலத்தோடு தேடத் தொடங்கியது.

விலை எதனால் அமைகிறது?

பழமை ஒன்றே விலையாகாது. அரிதாயிருத்தல், நேர்த்தி, குறையின்மை, விரும்புவோர் இருத்தல் ஆகிய நான்கும் சேர்ந்தே விலையை ஆக்குகின்றன. இவற்றுள் விரும்புவோர் தொகை காலந்தோறும் மாறும். ஜெர்மனியில் 1935 முதல் வெளிவந்த ஹம்மல் சிறுவர் பொம்மைகளை ஒருகாலத்தில் மேனாட்டார் போட்டியிட்டு வாங்கினர். அவற்றுள் பலவற்றின் விலை இன்று பெரிதும் வீழ்ந்துவிட்டது. ஆகவே, பழைய விலைப்பட்டியலை நம்பி ஏமாறுதல் கூடாது. ஒருவர் கேட்கும் விலை வேறு; உண்மையில் விற்ற விலை வேறு. ஏல நிலையங்கள் வெளியிடும் விற்ற விலைகளையே ஒப்பு நோக்குதல் வேண்டும். கடைக்காரர் நம்மிடம் வாங்கும் விலை, அவர் பிறருக்கு விற்கும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். அது வாணிப இயல்பு.

ஒடிந்த விரலோ, ஒட்டிய கழுத்தோ இருப்பின் விலை பெரிதும் குறையும். ஒட்டுவேலையைக் கண்டறிய, பணத்தாளைச் சோதிக்கும் ஊதாக்கதிர் விளக்கை இருட்டில் பொம்மைமீது காட்டுங்கள். பிற்காலத்துப் பசையும் வண்ணமும் பெரும்பாலும் வேறு நிறமாக ஒளிரும். இணையாகப் பிறந்தவற்றைப் பிரித்து விற்காதீர்கள். ஆங்கிலேயர் கணப்படுப்பின் மேல்விளிம்பில் இருபுறமும் வைக்கும் ஸ்டாஃபோர்ட்ஷயர் நாய்கள் இதற்கு நல்ல உதாரணம். தனி நாயைவிட இணைக்கே மதிப்பு மிகுதி.

விற்கத்தான் வேண்டுமென்றால், வாசலில் வந்து நிற்பவரிடம் அன்றே கொடுத்துவிடாதீர்கள். முகம், முதுகு, அடி ஆகிய மூன்றையும் படமெடுத்து, காரைக்குடியிலோ கொச்சி மட்டாஞ்சேரியிலோ உள்ள கடைக்காரர் இருவர் மூவரிடம் கேளுங்கள். எழுத்தில் இரசீது பெறுங்கள்.

அயல்நாட்டிலுள்ள மக்களுக்கு அனுப்ப விரும்புவோர் சட்டத்தையும் அறிந்திருத்தல் நலம். 1972ஆம் ஆண்டின் தொன்பொருள், கலைச்செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுகளுக்குக் குறையாத கலைப்பொருள்கள் தொன்பொருள்களாகும். அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு ஏற்றுமதி செய்தல் ஆகாது. ஐயமிருப்பின், அனுப்பு முன்னர் இந்தியத் தொல்லியல் துறையிடம் காட்டி, தொன்பொருள் அன்று என்ற சான்றிதழ் பெறுதல் வேண்டும்.

கண்ணைப் பழக்க விரும்புவோர் விடுமுறையில் பிள்ளைகளுடன் திருப்பூணித்துறை மலை அரண்மனைக்குச் செல்லலாம். மட்டாஞ்சேரி யூதர் ஆலயத்தின் தரையில் பதித்துள்ள பதினெட்டாம் நூற்றாண்டுச் சீன ஓடுகளையும் காணலாம். பத்மநாபபுரம் அரண்மனையிலுள்ள பெரிய சீனப் பரணிகளும் காணத்தக்கவை. 1956இல் எல்லைகள் மாறியபோது அவ்வரண்மனை தமிழ்நாட்டு மண்ணில் அமைந்தது; பேணுவதோ கேரள அரசு. நம் குடும்பங்களின் நிலையும் ஏறத்தாழ அதுவே அன்றோ!

பேணும் முறை

நம் தாய்மார்கள் வெள்ளிக்கிழமைதோறும் பித்தளைக்கு இடும் புளியையும் சாம்பலையும் பீங்கான் பொம்மைக்கு ஒருபோதும் இடலாகாது. மேற்பூச்சின்மீது தீட்டிய பொன்னிறம் அதனால் தேய்ந்து போகும். யசோதையின் சேலைக்கரை தேய்ந்ததும் அவ்வாறே. பூச்சிட்ட பொம்மையை, துணி விரித்த தொட்டியில் வெதுவெதுப்பான நீரும் மென்சவர்க்காரமும் கொண்டு ஒவ்வொன்றாகக் கழுவலாம். பூச்சில்லாத சொரசொரப்பான பொம்மையையும் ஒட்டுப்போட்டதையும் நீரில் ஊறவிடாமல், மென்தூரிகையால் தூசி தட்டினாலே போதும். எடுக்கும்போது தலையையோ கையையோ பிடிக்காமல் அடியில் கை கொடுங்கள். செய்தித்தாளில் சுற்றினால் மை ஒட்டும். பழைய பருத்தி வேட்டித் துண்டே சிறந்தது. தவறி உடைந்தால் கடைப்பசையால் அவசரப்பட்டு ஒட்டாமல், துணுக்குகள் அனைத்தையும் ஒரு துணியில் முடிந்து வையுங்கள்.

யாவற்றினும் முக்கியமானது ஒன்று. ஒவ்வொரு பொம்மைக்கும் ஒரு சிறு தாள் எழுதுங்கள். யார் கொண்டுவந்தது, எந்த ஆண்டு, எந்த ஊரிலிருந்து, அடியில் காணும் முத்திரை என்ன என்பவற்றைக் குறித்து, பொம்மையோடு பெட்டியில் வையுங்கள். விற்க நேர்ந்தால் அத்தாள் பொருளின் வரலாற்றுக்குச் சான்றாகும். விற்காவிடில், பிள்ளைகளுக்குப் பாட்டியின் பெயரைச் சொல்லும்.

விஜயதசமி இரவில் ஒரு பொம்மையைப் படுக்க வைத்துக் கொலுவை நிறைவு செய்வது நம் மரபு. இவ்வாண்டு அப்பொம்மையைப் படுக்க வைக்கு முன், பிள்ளைகளை அருகழைத்து அதன் அடிப்பாகத்தை ஒருமுறை காட்டுங்கள். நம் யசோதை எந்த வீட்டில், எந்தப் பேழையில் இருக்கிறாளோ! அவளுக்கான தாளையும் நாம் எழுதி, அவள் இருந்த படியில் வைத்திருக்கிறோம்.